ஓரியூரின் செம்மண்ணும் ஒரு பெண்ணின் முறையீடும்

சேலம் சந்திப்பு நிலையம் அமைந்திருக்கும் சூரமங்கலத்திலிருந்து ஆண்டுதோறும் பெப்ருவரித் திங்களின் தொடக்கத்தில் ஓரியூருக்குத் திருப்பயணம் செல்வோர் உண்டு. நாமக்கல்லைத் தாண்டி, காவிரியைக் கடந்து, திருச்சி, புதுக்கோட்டை, தேவகோட்டை வழியாகத் திருவாடானைச் சீமைக்குள் நுழையும்போது மண்ணின் நிறமும் மரங்களின் இனமும் மாறிவிடுகின்றன. புனித அருளானந்தர் குருதி சிந்திய இடத்தில் செந்நிற மணலைக் கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வரை பயணக் களைப்பு எவருக்கும் தெரிவதில்லை.

ஒருமுறை நாம் அத்தகைய பயணம் ஒன்றில் உடன் சென்றோம். வண்டியில் புனிதரின் வரலாறு உரக்க வாசிக்கப்பட்டது. தடியத் தேவரின் இளைய மனைவி கடலாயி அரசனிடம் சென்று அழுது முறையிட்ட பகுதி வந்தது. இளைஞர் ஒருவர், "அவள்தான் நம் நாட்டு ஏரோதியாள்" என்றார். பலரும் தலையசைத்தனர். அப்போது பின்னிருக்கையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த முதிய தாய் ஒருவர் மெல்லக் கேட்டார்: "ஏனுங்க, அந்தப் பொண்ணு அப்புறம் என்னதாங்க ஆனா?"

வண்டியில் எவரும் விடை சொல்லவில்லை. வாசிப்பு தொடர்ந்தது. ஆனால் அந்த வினா நம்மை விட்டு அகலவில்லை. மறைசாட்சியின் பெருமைக்கு அணுவளவும் குறை வராமல் அவ்வினாவுக்கு விடை தேட முடியுமா? அரண்மனைச் சுவர்களுக்குள் வாழ்ந்த பெண்களின் நிலை என்ன, செல்வாக்கு என்ன, கண்ணீர் என்ன என்று வரலாற்றின் துணைகொண்டு சற்றே எண்ணிப் பார்க்க முடியுமா? இக்கட்டுரை அம்முயற்சியே.

சேதுபதியின் அந்தப்புரம்

அருளானந்தர் காலத்தில் மறவர் நாட்டை ஆண்டவர் இரகுநாத சேதுபதி. கிழவன் சேதுபதி என்ற பெயராலேயே மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில் அரியணை ஏறி 1710 வரை ஆண்ட அவர், தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றியவர். அங்கே கோட்டை கட்டியவர். மதுரை நாயக்கர்களின் மேலாண்மையை உதறித் தள்ளியவர். 1702இல் இராணி மங்கம்மாளின் படையெடுப்பையும் அவர் முறியடித்தார். வீரமும் விவேகமும் நிறைந்த மன்னர் என்பதில் ஐயமில்லை.

அம்மன்னருக்கு மனைவியர் பலர். இதனை வெறும் காம வேட்கை என்று சொல்லித் தள்ளிவிடுவது வரலாற்றை அறியாதார் செயல். பாளையங்களும் சீமைகளும் தத்தம் போக்கில் தலைதூக்கிய காலம் அது. ஒரு சீமையின் தலைவன் தன் மகளையோ தங்கையையோ அரசனுக்குக் கொடுத்தான் என்றால், அவன் தன் வாளையும் அவன் காலடியில் வைத்தான் என்று பொருள். அந்தப்புரத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் ஓர் உடன்படிக்கை. ஓலையில் எழுதப்படாத, உயிருள்ள உடன்படிக்கை. அவளை மதித்தால் அவள் குலத்தை மதித்ததாகும். அவளை விலக்கினால் அவள் குலத்தையே இழிவுபடுத்தியதாகும்.

இப்பெண்கள் அனைவரும் ஒரே நிலையில் இருந்தவர்கள் அல்லர். முறைப்படி மணந்த பட்டத்து அரசியர் உண்டு. வேற்றுக் குலத்திலிருந்து வந்து மனைவியர் எனப் பெயர் பெற்றும் தம் மக்களுக்கு அரசுரிமை பெற இயலாதவர் உண்டு. ஆசை நாயகியர் உண்டு. நம் பழைய இலக்கண நூலார் காமக்கிழத்தி என்றொரு சொல்லையே வகுத்து வைத்திருக்கிறார்கள். சொல் இருந்தது, உரிமை இருந்ததா என்பதே வினா.

தமிழ் மண்ணில் இத்தகைய பெண்ணொருத்திக்குப் பெருமதிப்பு கிடைத்ததும் உண்டு. முதலாம் இராசேந்திர சோழனின் அணுக்கியார் பரவை நங்கையார் அதற்குச் சான்று. திருவாரூர்க் கோயில் கற்றளியாக எழுந்ததிலும் பொன் வேய்ந்து பொலிந்ததிலும் அவர் பங்கைக் கல்வெட்டு சொல்கிறது. அரசனும் அணுக்கியாரும் நின்று வழிபட்ட இடத்தைக் குறிக்க விளக்கு ஒன்று வைக்கப்பட்டதையும் அக்கல்வெட்டே சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக அவர் பெயர் கல்லில் நிற்கிறது. ஆனால் பரவை நங்கையார் நூற்றில் ஒருவர். ஏனையோருக்குக் கல்லும் இல்லை, விளக்கும் இல்லை.

கதலியும், பெயரற்ற ஒரு தாயும்

ஓரியூர் செல்லும் வழியில் புதுக்கோட்டையைக் கடக்கிறோம். அந்நகரை ஆண்ட தொண்டைமான் மரபின் எழுச்சிக்கும் கிழவன் சேதுபதியின் அந்தப்புரத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கள்ளர் குலத்து இரகுநாதத் தொண்டைமானின் தங்கை கதலி, சேதுபதியின் மனைவியருள் ஒருவரானார். அவ்வுறவின் பயனாக, பல்லவராயர்களிடமிருந்த புதுக்கோட்டைப் பகுதி 1686ஆம் ஆண்டளவில் தொண்டைமானுக்குக் கிடைத்தது. அன்று தோன்றிய அந்தச் சிற்றரசு, ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் முழுவதும் தனி அரசாகவே நிலைத்து நின்றது; 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் இந்திய நாட்டோடு இணைந்தது. இருநூற்று அறுபது ஆண்டு நீடித்த ஓர் அரசின் கால்கோளில் ஒரு பெண்ணின் திருமணம் இருந்தது. ஆனால் இன்று புதுக்கோட்டையின் அகன்ற வீதிகளில் நடப்போருள் எத்தனை பேர் கதலியின் பெயரை அறிவர்?

கதலிக்குப் பெயராவது கிடைத்தது. சேதுபதியின் ஆசை நாயகி ஒருத்தியின் வயிற்றில் பிறந்தவர் பவானி சங்கரத் தேவர். மன்னர் அவரையே தம் வாரிசாக்க விரும்பினார். ஆனால் செம்பிநாட்டு மறவர் குலத்து மனைவிக்குப் பிறந்தவரே அரியணை ஏறலாம் என்பது மரபு. மகனிடம் குறையில்லை, தாயின் நிலையே தடையாயிற்று. 1710இல் விஜய இரகுநாத சேதுபதி முடிசூடினார்.

ஒதுக்கப்பட்டவரின் மனக்கசப்பு பதினைந்து ஆண்டுகள் நீறு பூத்த நெருப்பாகக் கிடந்தது. 1725இல் விஜய இரகுநாதர் மறைந்ததும் அது கொழுந்துவிட்டு எரிந்தது. தஞ்சை மராட்டியரின் துணையோடு பவானி சங்கரர் அரியணையைக் கைப்பற்றினார். துணைக்கு விலையாக நிலம் தருவதாகச் சொன்ன வாக்கை அவர் காக்கவில்லை. அவரால் பகைக்கப்பட்ட சசிவர்ணத் தேவரும் கட்டையத் தேவரும் தஞ்சையையே நாடினர். தஞ்சைப் படை இப்போது அவர்கள் பக்கம் நின்றது. 1730ஆம் ஆண்டை ஒட்டி பவானி சங்கரர் வீழ்ந்தார். மறவர் நாடு ஐந்து கூறாக்கப்பட்டு, மூன்று கூறு இராமநாதபுரமாகவும் இரண்டு கூறு சிவகங்கையாகவும் பிரிந்தது. பின்னாளில் வேலு நாச்சியாரும் மருது சகோதரரும் புகழ் சேர்த்த சிவகங்கைச் சீமையின் பிறப்பு இதுவே.

இவ்வளவுக்கும் மூலம் எது என்று பின்னோக்கிப் பார்த்தால், அரண்மனையின் ஒரு மூலையில் தன் மகனை மடியில் வைத்துத் தாலாட்டிய ஒரு பெண் தெரிகிறாள். வாரிசுச் சண்டையை விரித்துரைக்கும் வரலாறு அவளை "ஆசை நாயகி" என்ற ஒரே சொல்லால் கடந்து செல்கிறது. ஒரு நாடே இரண்டாகப் பிளக்கக் காரணமான உறவில் ஆணுக்குப் பட்டமும் பெயரும் உண்டு. பெண்ணுக்கு ஒரு பொதுச்சொல் மட்டுமே. அரண்மனைப் பெண்ணின் "செல்வாக்கு" என்று நாம் வியந்து பேசுவதன் மறுபக்கம் இது. அவள் வழியாக வரலாறு நடக்கும், அவளுக்காக நடக்காது.

கடலாயியின் முறையீடு

இனிக் கடலாயியிடம் வருவோம். அதற்குமுன் அருளானந்தரின் வாழ்வைச் சுருக்கமாக நினைவுகூர்வது நலம். 1647ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் லிசுபன் நகரில் பிறந்த ஜான் தே பிரிட்டோ, சிறுவயதில் போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தவர். அந்தப்புரங்களின் இயல்பை அறியாதவர் அல்லர். 1662இல் இயேசு சபையில் சேர்ந்து, 1673இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணித்தளத்தில் கால் பதித்தார். காவியுடுத்து, புலால் விடுத்து, அருளானந்தர் என்ற பெயரோடு தமிழ் மக்களிடையே வாழ்ந்தார். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டு, நீரில் அமிழ்த்தப்பட்டும் சுடுபாறையில் கிடத்தப்பட்டும் வதைக்கப்பட்டார். கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார். ஆனால் இனித் தம் நாட்டில் போதிக்கலாகாது என ஆணையிட்டார். ஐரோப்பா சென்று திரும்பிய அருளானந்தர், அவ்வாணையை அறிந்தே மீண்டும் மறவர் நாட்டுக்குள் நுழைந்தார். தம் மந்தையை விட்டு விலக அவருக்கு மனம் வரவில்லை.

சிறுவள்ளிச் சீமையின் தலைவர் தடியத் தேவர் கொடிய நோயுற்றிருந்தார். உபதேசியார் ஒருவர் நற்செய்தியை வாசித்துச் செபிக்க, அவர் நலம் பெற்றார். திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் ஐவர். ஒருத்தியை மட்டும் மனைவியாக ஏற்று ஏனையோரை விட்டுவிட வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் முதல் மனைவியை ஏற்றுக்கொண்டு, மற்ற நால்வரையும் உடன்பிறந்தாரைப்போல் கருதுவதாகவும் குறைவின்றிப் பேணுவதாகவும் உறுதி கூறினார் என்று புனிதரின் வாழ்க்கை வரலாறுகள் உரைக்கின்றன. 1693ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று, அவர் திருமுழுக்குப் பெற்றார்.

நால்வருள் இளையவர் கடலாயி. கிழவன் சேதுபதியின் உறவு மகள். அவர் மட்டும் அந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்தார். அரசனிடம் ஓடி அழுதார். இரண்டே நாளில், சனவரி 8 அன்று, அருளானந்தர் கைது செய்யப்பட்டார். இராமநாதபுரத்தில் சிறை, பின்னர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சிறையில் கரித்தூளை மையாகக் கொண்டு தம் உடன் உழைப்பாளர்களுக்கு விடைமடல் எழுதினார். அதில் சாவச்சம் இல்லை. மகிழ்ச்சியே மேலோங்கி நின்றது. பெப்ருவரி 4ஆம் நாள், அவ்வாண்டின் திருநீற்றுப் புதனன்று, ஆற்றங்கரை மேட்டில் அவர் தலை வெட்டுண்டது. 1853இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அவரை அருளாளராகவும், 1947ஆம் ஆண்டு சூன் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதராகவும் அறிவித்தனர்.

கதை எளிது. ஒரு புனிதர்; மனந்திரும்பிய ஒரு தலைவர்; பழிவாங்கிய ஒரு பெண். திருமுழுக்கு யோவானின் மரணத்தை நினையாமல் இவ்வரலாற்றை வாசிக்க இயலாது. புனிதரின் பெயரும் யோவானே. அங்கே ஏரோதியாள், இங்கே கடலாயி. மறையுரைகளில் இவ்வொப்புமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

ஆயினும் வரலாற்றைச் சற்று உற்றுநோக்குவோம். சேதுபதியின் சினத்துக்குக் கடலாயியின் கண்ணீர் ஒன்றுதானா காரணம்? அருளானந்தர் மீது 1686இலேயே தடையாணை இருந்தது. தடியத் தேவரோ அரியணைக்கு உரிமை கொண்டாடத்தக்க வழியில் வந்தவர். அவர் புது நெறியில் சேர, அவரைப் பின்பற்றி நூற்றுக்கணக்கானோர் சேர்வது, எந்த அரசனுக்கும் உறக்கத்தைக் கெடுக்கக் கூடியது. பழைய சமய ஒழுங்கு தளர்வதைக் கண்டு அரசவையில் செல்வாக்கு மிக்கோர் சிலர் ஏற்கெனவே மனம் கொதித்திருந்தனர். விறகு முன்பே அடுக்கப்பட்டிருந்தது. கடலாயியின் முறையீடு பொறி மட்டுமே. ஆண்கள் தம் அரசியல் கணக்கைத் தீர்த்துக்கொள்ள, ஒரு பெண்ணின் அழுகை தக்க சாக்காயிற்று. பழி மட்டும் மூன்று நூற்றாண்டுகளாக அவள் தலையில் தங்கிவிட்டது.

ஏரோதியாளோடு அவரை ஒப்பிடுவதும் முழுதாகப் பொருந்துவதில்லை. ஏரோதியாள் தன் கணவனை விட்டு வந்தவள், அரசியாக வீற்றிருந்தவள், தன் மகளின் நடனத்தை வலையாக விரித்துக் காத்திருந்தவள். கடலாயி தாமே தேர்ந்துகொண்டு எவரையும் விட்டு வரவில்லை. குலத்தார் கொடுத்த இடத்தில் வாழ்ந்தார். அவர் அறிந்த உலகில் அவர் செய்தது குற்றமன்று. ஒருநாள் காலை, தாம் மனைவி அல்லர் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவர் புரிந்துகொள்ளாத ஒரு நெறியின் பெயரால் சொல்லப்பட்டது. உணவும் உடையும் கிடைக்கும் என்றார்கள். அன்றைய மறவர் நாட்டில் உயிரோடிருக்கும் கணவனால் விலக்கப்பட்ட இளம் பெண்ணுக்கு உணவும் உடையும் போதுமா? அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

அவர் பழிவாங்க நினைத்தது தவறு. அதன் விளைவாக ஒரு குற்றமற்றவரின் குருதி சிந்தப்பட்டது. அதனை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒருவரின் தவற்றைக் கண்டிப்பது வேறு. அவர் காயத்தைக் காண மறுப்பது வேறு.

1710: இரு முடிவுகள்

அரண்மனைப் பெண்களுக்கு இருந்த வழிகள் எவை என்பதைக் காட்டும் இரு நிகழ்ச்சிகள் ஒரே ஆண்டில் உலகின் இரு மூலைகளில் நடந்தன.

பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் ஆசை நாயகியாக 1661 முதல் விளங்கியவர் லூயிசு தெ லா வலியேர். அரசனின் அன்பு வேறொருத்தியிடம் சென்றபின், உள்ளம் உடைந்து, உடைந்த இடத்தில் இறையருளைக் கண்டார். 1674இல் அரண்மனையை விட்டுப் பாரிசு கார்மேல் மடத்தில் புகுமுன், தம்மால் துயருற்ற அரசியின் காலடியில் விழுந்து எல்லாரும் காண மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டு அவர் வார்த்தைப்பாடு அளித்தபோது மறையுரை ஆற்றியவர் புகழ்பெற்ற ஆயர் பொசுவே. "இரக்கத்தின் லூயிசு" என்ற துறவுப் பெயரோடு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தவவாழ்வு வாழ்ந்து, 1710ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இறைவனடி சேர்ந்தார்.

அதே 1710இல் கிழவன் சேதுபதி முதிர்ந்த வயதில் இறந்தார். அவர் உடலோடு அவருடைய மனைவியர் நாற்பத்தேழு பேர் தீயில் மாண்டனர் என்று இயேசு சபை அருள்பணியாளர் மார்ட்டின் ஐரோப்பாவுக்கு எழுதிய மடல் பதிவு செய்கிறது. நாற்பத்தேழு பெண்கள்! எத்தனை சீமைகளின் உடன்படிக்கைகள், எத்தனை தாய்மாரின் செல்வ மகள்கள்! உடன்படிக்கை செய்தவன் இறந்ததும் ஓலையைக் கொளுத்துவதுபோல் அவர்களைக் கொளுத்திவிட்டார்கள். அந்தக் கொடிய வழக்கம் சட்டப்படி ஒழிய வங்கத்தில் 1829 வரையும் சென்னை மாகாணத்தில் 1830 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

லூயிசுக்கு ஒரு மடத்தின் கதவு திறந்திருந்தது. இங்கே திறந்திருந்தது நெருப்புக் குழி. கடலாயியின் சினத்தை எடைபோடும்போது இதனையும் தட்டில் வைக்க வேண்டும். கணவனின் மனைவியாய் இருப்பது ஒன்றே அவள் உயிர். அவன் இறந்தால் அதுவே அவள் சாவு. அந்த ஓர் இடத்தையும் பறித்தால் அவளுக்கு எஞ்சுவது என்ன?

மேலை நாட்டார் மட்டும் நீதியில் சிறந்து விளங்கினர் என்று சொல்ல நாம் வரவில்லை. அருளானந்தர் வளர்ந்த போர்த்துக்கல் அரண்மனையின் பிரகான்சா மரபே, 14ஆம் நூற்றாண்டில் முதலாம் யோவான் மன்னருக்கு முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனிடமிருந்து தழைத்ததுதான். அதே பதினான்காம் லூயி தம் ஆசை நாயகியரின் புதல்வர்க்கு 1714இல் அரசுரிமை அளித்தார். அவர் இறந்து ஈராண்டுக்குள் 1717இல் அது பறிக்கப்பட்டது. பவானி சங்கரரின் கதை அங்கும் உண்டு. வெற்றி பெற்றால் அரச மரபு. தோற்றால் வைப்பாட்டி மகன். தாயின் பெயரைச் சொல்லி மகனை இழிவுபடுத்தும் வழக்கத்துக்கு நாடு, நிறம், சமயம் என்ற எல்லை இல்லை. இந்தியாவில் செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் பெற்றோரின் பங்கில் உரிமையுடையோரே என்பதை உச்ச நீதிமன்றம் இந்து திருமணச் சட்டத்தின் அடிப்படையில் 2023ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது என்றால், இவ்வழக்கின் வேர் எவ்வளவு ஆழம் என்பது விளங்கும்.

ஆகாரின் கிணற்றடியில்

விவிலியத்தில் கடலாயிக்கு நெருங்கிய உறவினளைத் தேடினால், ஏரோதியாளைவிட ஆகாரே நமக்குத் தென்படுகிறாள். ஆகார் தன் விருப்பத்தால் ஆபிரகாமின் இல்லத்தில் இடம்பெறவில்லை; கொடுக்கப்பட்டாள். பின்னர் விலக்கவும் பட்டாள். சிறிது அப்பமும் ஒரு தோற்பை நீரும் தோளில் ஏற்றி அனுப்பப்பட்டாள். ஆபிரகாம் இறைவனின் நண்பர். வாக்குறுதி ஈசாக்கின் வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. ஆயினும் திருநூல் ஆகாரைப் பாலைநிலத்தில் விட்டுவிட்டுத் தன் வழியே போய்விடவில்லை. அவள் பின்னால் செல்கிறது. தண்ணீர் தீர்ந்த நேரத்தில் அவள் பிள்ளையின் குரலை இறைவன் கேட்கிறார். அவள் கண்களைத் திறந்து கிணற்றைக் காட்டுகிறார். முன்னொரு முறை அவள் ஓடிப்போனபோது, தன்னைக் காண்கின்ற இறைவன் என்று அவரை அழைத்தவளும் அவளே. வாக்குறுதியின் மைந்தனைத் தேர்ந்தவர், விலக்கப்பட்டவளின் பிள்ளையையும் கைவிடவில்லை.

திருச்சபையும் இந்த வினாவோடு நெடுங்காலம் போராடியிருக்கிறது. புதிய நாடுகளில் பல மனைவியரையுடைய ஆண்கள் திருமுழுக்குக் கேட்டபோது என்ன செய்வது? 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், முதலில் மணந்தவளையே ஏற்க வேண்டும். முதல்வள் யார் என நினைவில்லையேல் ஒருத்தியைத் தெரிந்துகொள்ளலாம் என்றார். 1571இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர், தன்னோடு திருமுழுக்குப் பெறும் மனைவியை ஒருவன் ஏற்கலாம் என்றார். மதுரை மறைப்பணியாளர் அனைவருக்கும் வழிகாட்டிய நெறி இதுவே. 1623இல் தத்துவ போதகர் இராபர்ட்டு தெ நொபிலி நம் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் நடந்து வந்தபோதும், ஒருவனுக்கு ஒருத்தி என்ற இந்நெறியைத்தான் சுமந்து வந்தார். இன்று நம் இல்லங்களின் நிலைப்படியாய் இருப்பது அந்நெறியே. அதற்காகவே அருளானந்தர் உயிரையும் கொடுத்தார். அதன் பெருமையை மறுப்பார் யார்?

ஆனால் அன்றைய ஆவணங்களில் ஆணின் மனச்சான்றைப் பற்றிய அக்கறையே பெரிதாக நின்றது. விலக்கப்படும் பெண்களைப் பற்றிய பேச்சுக்குச் சட்டத்தில் தனியிடம் கிடைக்க வெகுகாலம் சென்றது. 1983இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1148ஆம் விதியைப் புரட்டிப் பாருங்கள். பல மனைவியருடையவன் திருமுழுக்குப் பெறுவதைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவ்விதி அத்துடன் நிற்கவில்லை. விலக்கப்பட்ட மனைவியரின் தேவைகள் நீதிக்கும் கிறித்தவ அன்புக்கும் இயல்பான நியாயத்துக்கும் ஏற்ப நிறைவு செய்யப்படுகின்றனவா என்று கவனிக்கும் கடமையை அது தலத்திருச்சபையின் தலைவர் மீதே சுமத்துகிறது. கணவனின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விடப்படாமல், அது திருச்சபையின் பொறுப்பாயிற்று. ஓரியூர்த் திடலில் குருதி சிந்தி இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், கடலாயியின் முறையீட்டுக்குத் திருச்சபை எழுதிய விடை என்று அதனை நாம் கருதலாகாதா?

இது பழங்கதை மட்டுமன்று, அன்பார்ந்தவர்களே. அரசர்கள் போனார்கள், அந்தப்புரங்கள் பாழடைந்தன. ஆனால் நம் பங்குகளில் "சின்ன வீடு" என்ற சொல் வழக்கொழிந்துவிட்டதா? ஒருவர் பல ஆண்டுகள் வேறொரு பெண்ணோடு வாழ்ந்துவிட்டு, தவக்காலத் தியானத்தில் மனம் கரைந்து, பாவசங்கீர்த்தனம் செய்து, தம் முறையான குடும்பத்துக்குத் திரும்புகிறார். மகிழ்ச்சியே. விண்ணகத்தில் மகிழ்ச்சி உண்டாகும் என்று ஆண்டவரே சொன்னார். நாமும் அவர் கையைப் பற்றி வரவேற்கிறோம். அன்று மாலை, அந்த மற்றொரு வீட்டில் விளக்கு எரிந்ததா என்று நம்மில் யாராவது போய்ப் பார்த்தோமா? அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கலாம். வாடகை கேட்டு நிற்பவர் இருக்கலாம். அந்தப் பெண்ணைப் பற்றி நம் அன்பியக் கூட்டங்களில் பேசுவது எதற்காக? பெரும்பாலும் அவள் பெயரைக் கெடுக்கவே.

மனந்திரும்புதல் ஒருவனுக்கு விடுதலையாகவும் வேறொருத்திக்கு ஆதரவின்மையாகவும் முடிந்தால், அந்த மனந்திரும்புதலில் இன்னும் ஒரு பாதி மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சப் பாதியை நிறைவேற்ற வேண்டியவர் அவர் மட்டுமல்லர். அவரை வரவேற்ற நாமும்தான். தடியத் தேவர் நால்வருக்கும் வாக்களித்தார். அந்த வாக்கை அவர் காத்திட, சுற்றி நின்ற கிறித்தவச் சமூகம் துணை நிற்க வேண்டியிருந்தது. புதிதாய் முளைத்த அச்சிறு சமூகத்துக்கு இரண்டே நாள் அவகாசம் கிடைத்தது. நமக்கோ காலம் நிறைய இருக்கிறது.

ஓரியூரில் அன்று மாலை திருப்பலி முடிந்தது. எல்லாரும் செம்மணலைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியில் வினா எழுப்பிய அந்த முதிய தாய் திருத்தலத்தின் ஓரத்தில் இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றி நின்றார். ஒன்று புனிதருக்கு என்பது தெரிந்தது. மற்றொன்று யாருக்கு என்று நாம் கேட்டோம்.

"அந்தப் பொண்ணுக்குத்தானுங்க. அதுக்கும் யாராச்சும் வேண்டிக்கணுமில்லீங்களா? அவரே வேண்டியிருப்பாருங்க."

தம் கழுத்தை வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்ட மறைசாட்சி, தம்மைக் காட்டிக்கொடுத்த கண்ணீரையும் வெறுத்திருக்க மாட்டார். நாம் மறுமொழி சொல்லாமல் நம் பங்குக்கு ஒரு திரியை ஏற்றி, அவற்றின் அருகில் வைத்தோம்.